தாவுசிலந்தி: பெயரும் பொருளும்

சால்டிசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகளைத் தமிழில் குதிக்கும் சிலந்தி, தாவும் சிலந்தி, தாவுசிலந்தி என்று பலவாறாக எழுதுகிறோம். இவை வலை விரித்துக் காத்திருப்பதில்லை. இரையைக் கண்ணால் கண்டு, பதுங்கிப் பின்தொடர்ந்து, எட்டும் தொலைவு வந்ததும் தாவிப் பிடிக்கின்றன. 6,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இதுவே சிலந்திக் குடும்பங்களில் மிகப் பெரியது. 2022-இல் உலகச் சிலந்தி இனங்களின் பட்டியல் 50,000-ஐத் தொட்டபோது, அந்த எண்ணை நிறைவு செய்ததும் தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தாவுசிலந்திதான்.

அறிவியற்பெயரின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அம்மொழியில் 'சாலிரே' என்றால் தாவுதல். அதிலிருந்து பிறந்த 'சால்டாரே' மீண்டும் மீண்டும் தாவுதலைக் குறித்து, நாளடைவில் நடனமாடுதல் என்ற பொருளிலேயே பெரிதும் வழங்கியது. பிரெஞ்சு விலங்கியலார் லத்ரேய் 1804-இல் ஒரு பேரினத்துக்கு 'சால்டிகஸ்' என்று பெயரிட்டார். 1841-இல் ஆங்கிலேய இயற்கையியலார் பிளாக்வால் அதனடியாகவே குடும்பப் பெயரை அமைத்தார். அந்தப் பேரினத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட வரிக்குதிரைச் சிலந்தியின் முழுப்பெயர் சால்டிகஸ் சினிகஸ். 1757-இலேயே கிளார்க் என்னும் சுவீடன் நாட்டவர் சூட்டிய 'சினிகஸ்' என்ற சொல்லுக்கு நாடக மேடைக்குரியது என்று பொருள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் மேடையில் ஆடுபவன் என்றாகிவிடுகிறது. பெயரிட்டவர்கள் அதை எண்ணினார்களோ இல்லையோ, பெயர் பொருத்தமானதே. பெண் சிலந்தியின் முன் ஆண் சிலந்தி முன்கால்களைத் தூக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, உடலை அதிரவைத்து ஆடிக் காட்டும். ஆஸ்திரேலியாவின் மயில் சிலந்திகளில் ஆண், வயிற்றின் மேலுள்ள வண்ண மடிப்பை விசிறிபோல் விரித்தும் காட்டும். ஆட்டம் பிடிக்காத பெண் ஆணையே தின்றுவிடுவதும் உண்டு.

தமிழில் எந்த வினையைக் கொள்வது என்பதில்தான் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. குதித்தல் பெரும்பாலும் மேலும் கீழுமான அசைவுக்கு உரியது: கிணற்றில் குதிக்கிறோம், மகிழ்ச்சியில் குதிக்கிறோம். தத்துதல் சிறு சிறு எட்டாகப் போவது. தத்துக்கிளி என்ற பெயர் அதனால் அமைந்தது. துள்ளலில் இலக்கு என்று ஒன்று இல்லை. பாய்தலில் இலக்கும் உண்டு, சினமும் உண்டு. ஆனால் இச்சிலந்தி இரைக்காக மட்டும் பாய்வதில்லை, இலைவிட்டு இலை செல்லவும், ஆபத்திலிருந்து தப்பவும் அதே அசைவைத்தான் பயன்படுத்துகிறது. மேலும், பாய்சிலந்தி என்று எழுதினால் படுக்கும் பாயில் திரியும் சிலந்தி என்று ஒருவர் படித்துவிடக்கூடும். ஓரிடத்திலிருந்து இடைவெளியைக் கடந்து குறித்த மற்றோரிடத்தை அடைவது தாவுதல். கிளைக்குக் கிளை குரங்கு செய்வது அதுவே. எனவே தாவுதலே இங்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தாவும் சிலந்தி என்பதில் பிழையில்லை. எனினும், ஒரு குடும்பத்தின் நிலையான பெயராக நிற்கவேண்டிய சொல்லுக்குக் காலம் காட்டாத வினைத்தொகையே தகும். ஊறுகாயைப் போலத் தாவுசிலந்தியிலும் முக்காலமும் அடங்கும். வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது, 'தாவுச்சிலந்தி' என்று எழுதுவது பிழை.

அந்தத் தாவல் நடக்கும் விதம் விந்தையானது. சிலந்தியின் காலில் சில முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. தலைநெஞ்சுப் பகுதியின் தசைகள் இறுகும்போது உடல்நீர்மத்தின் அழுத்தம் சட்டென உயர்ந்து கால்களுக்குள் பாய, மடங்கியிருந்த பின்கால்கள் நொடிப்பொழுதில் நிமிர்ந்து உடலை எறிகின்றன. செத்த சிலந்தியின் கால்கள் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பதும் இதனால்தான்: அழுத்தம் போய்விட்டது, நீட்ட ஆளில்லை. தாவுமுன் நின்ற இடத்தில் ஓர் இழையை ஒட்டிவிட்டே சிலந்தி கிளம்பும். குறி தவறினால் அந்த இழையில் தொங்கி மீண்டும் மேலேறிவிடும். அந்தரத்தில் உடல் புரண்டுவிடாமல் நிலைப்படுத்தவும் அவ்விழை உதவுகிறது.

ஈப்புலி என்று ஒரு சொல்லும் தமிழில் உண்டு. ஈயைப் பிடித்துத் தின்னும் சிலந்திக்கு அது பெயர். சீன மொழியிலும் இச்சிலந்திகளை ஈப்புலி என்று பொருள்படும் சொல்லாலேயே அழைக்கிறார்கள் என்பது, வேட்டையைக் கூர்ந்து பார்த்த எவருக்கும் புலியே நினைவுக்கு வரும் என்று காட்டுகிறது. எட்டுக் கண்களில் பக்கவாட்டுக் கண்கள் அசைவை உணர்ந்ததும் சிலந்தி வெடுக்கென்று திரும்பி, முன்னாலுள்ள இரு பெருங்கண்களை அதன்மேல் நிறுத்தும். அக்கண்களின் வில்லை ஓட்டில் பதிந்திருப்பதால் அசையாது. அதன் பின்னே நீண்ட குழாயும், குழாயின் முனையில் விழித்திரையும் இருக்க, கண்ணுக்கு ஆறு தசைகள் அந்த விழித்திரையை அங்குமிங்கும் நகர்த்துகின்றன. வெளிர்நிறச் சிலந்திகளில் இக்குழாய்கள் நகர்வதை ஓட்டின் வழியாகவே காணலாம். போர்ஷியா என்னும் பேரினமோ பிற சிலந்திகளையே வேட்டையாடுவது. நேர்வழி சரிப்படாதபோது, இரை கண்ணுக்கு மறையும் அளவுக்குச் சுற்றுவழியில் சென்று வேறு பக்கத்திலிருந்து அணுகும்.

ஆயினும் ஈப்புலியைக் குடும்பப் பெயராக்க முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் எவார்க்கா குலிசிவோரா, இரத்தம் குடித்த கொசுக்களைத் தேடித் தின்கிறது. நடு அமெரிக்காவின் பகீரா கிப்ளிங்கி பெரும்பாலும் வேல இனச் செடியின் இலைநுனி முடிச்சுகளை உண்டே வாழ்கிறது. அதைப் போய் ஈப்புலி என்பது எப்படி? ஆகவே துறைநூல்களில் தாவுசிலந்தி நிற்கட்டும். சுவரில் ஈயை நோக்கிப் பதுங்கிச் செல்லும் சிறு சிலந்தியைப் பற்றிப் பேசும்போதும் எழுதும்போதும் ஈப்புலி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.