ஏரிப்பக்கம் 140 அடி, தெருப்பக்கம் பூஜ்யம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஏரிக்கரை மனை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர்ப் பக்கம் எத்தனை அடி என்பதுதான். வீடு கட்ட அனுமதி தரும் டவுன் அலுவலகமோ தெருப்பக்கம் எத்தனை அடி என்று கேட்கிறது. நான் நில அளவைத் தொழிலில் இருக்கிறேன். பாஸ்டன் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர், பத்திரம் பதிந்து முடித்த பிறகு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பதிவதற்கு முன்பு வந்திருந்தால் என் கட்டணம் அவர்களுக்கு மிக மலிவாகத் தெரிந்திருக்கும்.

வினிபசாக்கி போன்ற ஏரிகளின் கரையில் பல மனைகள் கோடைக்கால வாசத்துக்காகப் பிரிக்கப்பட்டவை. ஜூனில் வந்து செப்டம்பரில் பூட்டிவிட்டுப் போகும் சிறு வீடுகள். அவற்றை இங்கே 'கேம்ப்' என்பார்கள். காட்டுக்குள் வளைந்து போகும் ஒற்றைத் தடம் அதற்குப் போதுமாக இருந்தது. எங்கே எதைக் கட்டலாம் என்று டவுன் வகுக்கும் மண்டல விதிகள் பிறகுதான் வந்தன. இன்று ஒரு மனைக்கு 100 அடியோ 150 அடியோ 200 அடியோ தெருமுகப்பு, அதாவது தெருவைத் தொடும் பக்கத்தின் நீளம், வேண்டும் என்று ஊருக்கு ஊர் வேறு வேறு அளவு வைத்திருக்கிறார்கள். 140 அடிக் கரை இருந்தும் பொதுச்சாலையை எங்கேயும் தொடாத மனைக்கு இந்தக் கணக்கில் மதிப்பெண் பூஜ்யம்.

இந்த விதியை வெறும் சிவப்பு நாடா என்று நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஜனவரி இரவில் அடுப்புப் புகைபோக்கி தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வீட்டு வாசல் வரை வர வேண்டும். ஏப்ரலில் பனி உருகிப் பாதை சேறாகும்போது ஆம்புலன்ஸ் வர வேண்டும். டவுனின் கவலை இதுதான். இந்த விதியிலிருந்து விலக்கு கேட்கிறவர் பதில் சொல்ல வேண்டியதும் இந்தக் கவலைக்குத்தான்.

இதில் பூட்டுகள் இரண்டு. டவுனின் மண்டல விதி கேட்கும் முகப்பு அளவு ஒன்று. ஆர்எஸ்ஏ 674:41 என்ற மாநிலச் சட்டம் மற்றொன்று. முறையான தெருவில் முகப்பு இல்லாத மனையில் கட்டட அனுமதி தரக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை. முதல் பூட்டைத் திறந்துவிட்டு, இரண்டாவது இருப்பதே தெரியாமல் கட்டடக் கலைஞருக்கு முன்பணம் கொடுத்தவர்கள் உண்டு. 'இது விதிக்கு முந்தைய பழைய மனை, எனக்குப் பொருந்தாது' என்ற வாதமும் இங்கே எடுபடாது. தான் வகுத்த நடைமுறையின் வழியாக அல்லாமல் வேறு எப்படியும் பழைய மனைக்கும் விலக்கில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போகும் உரிமை மட்டும் இருந்தால் அதையும் தெருமுகப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தனியார் சாலை மனையைத் தொட்டுச் சென்றால் ஒரு வழி இருக்கிறது. திட்டக் குழுவின் கருத்தைப் பெற்று டவுனின் ஆட்சிக் குழு வாக்களித்து அனுமதிக்கலாம். அதற்கு விலை உண்டு. அந்தச் சாலையைப் பராமரிக்கும் பொறுப்போ அதனால் வரும் சேதத்துக்கான பொறுப்போ டவுனுக்கு இல்லை என்ற அறிவிப்பை, கவுண்டி பத்திரப் பதிவகத்தில் உங்கள் மனையின் மேல் பதிவு செய்ய வேண்டும். நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவரும் கடன் தரும் வங்கியும் அதைப் படிப்பார்கள். சட்டம் அவ்வப்போது திருத்தப்படுகிறது என்பதால் நடப்பு வாசகத்தை உள்ளூர் நில வழக்கறிஞரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டவுன் விதியிலிருந்து விலக்குக் கேட்கும் மனு மண்டல மேல்முறையீட்டுக் குழுவிடம் போகும். ஐந்து நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது 'தேவையற்ற இடர்' என்ற நிபந்தனையில். 'இவ்வளவு பணம் போட்டுவிட்டோம், பெற்றோர் ஊரிலிருந்து வந்தால் தங்க இடம் வேண்டும்' என்று எழுதிய மனுக்களைப் பார்த்திருக்கிறேன். குழு அனுதாபத்தோடு கேட்டுவிட்டு நிராகரிக்கும். இடர் மனையில் இருக்க வேண்டும், மனிதரிடம் அல்ல. பக்கத்து மனைகளிடமிருந்து இந்த மனை எப்படி வேறுபடுகிறது? முகப்பு விதி எதற்காக வந்ததோ அந்த நோக்கம் இங்கே வேறு வழியில் எப்படி நிறைவேறுகிறது? கட்டப்போவது நியாயமான பயன்பாடுதானா? இடர் நிபந்தனைக்கு, மனு இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும். ஏரிக்காட்சியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

நான் முதலில் எடுத்து வைத்துக்கொள்வது பழைய பத்திரத்தை. அப்படி ஒன்றில், பின்மனைக்காரர் 'நடந்தும் குதிரைவண்டியிலும்' போய்வர 12 அடிப் பாதை உரிமை எழுதியிருந்தது. கார் போகலாமா என்பதில் பெரிய சிக்கல் வரவில்லை. மின்கம்பம் நடலாமா, குழாய் பதிக்கலாமா, பாதையை அகலப்படுத்தலாமா என்பதைப் பற்றித்தான் பத்திரத்தில் ஒரு சொல் இல்லை. களத்தில் போய் அளந்தால் வண்டித்தடம் பத்திரத்தில் சொன்ன இடத்திலும் இல்லை. ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து மனைக்குள் இறங்கி ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் திருத்தப் பத்திரம் பதியும் வரை அந்த மனுவைத் தாக்கல் செய்வதிலேயே அர்த்தமில்லை.

அடுத்து தீயணைப்புத் தலைவர். குழுவிடம் போகும் முன் இவரைப் பாருங்கள். என்எஃப்பிஏ 1 என்ற தீ விதிநூல் 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரத் திறப்பும் கேட்கிறது. முட்டுச்சந்து 150 அடிக்கு மேல் நீண்டால் வண்டி திரும்ப இடம் வேண்டும். 12 அடிப் பாதையில் அது நடக்காது. அங்கங்கே ஒதுங்கும் இடம், முடிவில் திருப்புமிடம், வீட்டுக்குள் தானியங்கி நீர்த்தெளிப்பான் என்று ஏதாவது ஓர் ஏற்பாட்டுக்கு அவர் ஒத்துக்கொண்டு கடிதம் கொடுத்தால், மனுவில் அதைவிடக் கனமான தாள் வேறில்லை.

ஆனால் பாதையை அகலப்படுத்தும்போது ஏரி குறுக்கே வரும். கரையிலிருந்து 250 அடி வரை மாநிலக் கரைநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லை. முதன்மைக் கட்டடம் 50 அடி தள்ளி நிற்க வேண்டும். சரளைக்கல் பாதையைக்கூட நீர் இறங்காத பரப்பாகவே எண்ணுவார்கள். அந்தப் பரப்புக்குக் கணக்கு உண்டு என்பதால், தீயணைப்பு வண்டிக்காகப் போடும் திருப்புமிடம் வீட்டுக்கான பரப்பைத் தின்றுவிடும். இரண்டு துறைக்கும் ஒரே வரைபடத்தில் கணக்குக் காட்டாவிட்டால் ஒருவர் தந்ததை மற்றவர் பறித்துவிடுவார்.

விசாரணை நாளுக்கு முன் பக்கத்து மனைக்காரர்களுக்கு டவுனிலிருந்து தபால் போகும், உங்கள் செலவில். அந்தத் தபாலில்தான் உங்கள் திட்டத்தை அவர்கள் முதன்முதலில் அறிகிறார்கள் என்றால் எதிர்ப்பு நிச்சயம். கதவைத் தட்டி வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். பனி அள்ளும் செலவில் உங்கள் பங்கு என்ன என்பதையும் எழுத்தில் கொடுங்கள். ஐந்து பேர் கொண்ட குழுவில் மூன்று வாக்கு வேண்டும். அன்று மூவர் மட்டும் வந்திருந்தால் ஒருவர் மறுத்தாலே தோல்வி. தேதி மாற்றிக் கேட்கத் தயங்காதீர்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: முகப்பு விலக்கும் கட்டட அனுமதியும் கிடைத்தால்தான் கிரயம், இல்லையென்றால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், இவ்வளவு அருமையான கரை ஏன் இத்தனை ஆண்டுகளாக வீடில்லாமல் கிடக்கிறது என்று அவரையே கேளுங்கள்.