காலின்சியா டோரேயி: தமிழ்ல நீலமடிப்பூன்னே சொல்லலாம்

காலின்சியா டோரேயிங்கிற சின்னப் பூச்செடியோட பேருக்குள்ள ரெண்டு மனுசங்க இருக்காங்க. முதல் பாதி ஃபிலடெல்ஃபியாக்காரரு சக்கேயஸ் காலின்ஸ், இந்தப் பேரினத்துக்கு 1817ல அவரு பேரை வச்சது தாவரவியல் அறிஞர் தாமஸ் நட்டால். அடுத்தது நியூயார்க்கு தாவரவியல் அறிஞர் ஜான் டோரே (1796-1873), கடைசில வார 'இ' லத்தீன்ல 'அவருடைய'ங்கிற அர்த்தம். ஆக பேர்ல ஆளுங்கதான் இருக்காங்க, பூவைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

பூவைக் கிட்டப் போயி பாத்தா அவரைப்பூ மாதிரிதான் தெரியும், ஆனா பயறு குடும்பமே இல்ல. மேல் உதடு வெளுப்பு, கீழ் உதடு நீலம், அந்தக் கீழ் உதட்டுல மூணு மடல் இருக்கும், ரெண்டு மட்டும்தான் வெளியே தெரியும், நடு மடல் ரெண்டா மடிஞ்சு உள்ள ஒளிஞ்சிருக்கும், நாலு மகரந்தத்தாளும் சூல்தண்டும் அதுக்குள்ளதான் இருக்கு. தேனீ வந்து உக்காந்தா எடையில மடிப்பு கீழ இறங்கி மகரந்தம் அதோட வயித்துல ஒட்டும். நம்ம ஊர்ப் பொம்பளைங்க பிச்சிப்பூவைப் பறிச்சு மடியில போட்டுக்கிட்டு வருவாங்கல்லா, அந்த மடிதான் இது. அதனால நீலமடிப்பூன்னு சொன்னா சரியா இருக்கும்னு நினைக்கேன். இங்கிலீஷ்ல ப்ளூ ஐட் மேரின்னு சொல்லுதாங்க, அதை நீலக்கண் மேரின்னு அப்படியே மாத்துனா நமக்கு ஒண்ணும் வெளங்காது.

கலிபோர்னியா சியரா நெவாடா மலையில பைன் மரக் காட்டுக்குள்ள, மணல் தரையில வளருது. ஒரு ஜாண் உயரம் இருந்தாலே பெருசு. பனி உருகினதும் முளைச்சு, பூத்து, விதை போட்டு அந்த வருசமே செத்துப் போகும், இதைப் பாடப்புத்தகத்துல ஒருபருவத் தாவரம்னு போட்டிருப்பாங்க, நல்ல சொல்லு.

ஊசியிலைக்காடுங்கிற சொல்லு அந்த மலைக்குப் பொருந்தும், அங்க பைன் இலை ஊசியாத்தான் இருக்கு. ஆனா எல்லாக் கூம்பு மரத்தையும் (இங்கிலீஷ்ல கானிஃபர்) ஊசியிலை மரம்னு சொல்லாதீங்க. நம்ம பாபநாசத்துக்கு மேல, அகத்தியமலைக் காட்டுல நிரம்பளின்னு ஒரு மரம் இருக்கு, தென்னிந்தியாவுல தானா வளருத கூம்புத் தாவரம் அது ஒண்ணுதான், அதோட இலை நல்லா அகலமா இருக்கும்.

கட்டுரை எழுதுதவங்க முதல் தடவை நீலமடிப்பூ, பக்கத்துல காலின்சியா டோரேயின்னு ரெண்டையும் போட்டுட்டு, அப்புறம் தமிழ்ப் பேரையே தொடர்ந்து எழுதுங்க. காலின்சியாவுல வேற சிற்றினமும் உண்டு, அதனால தாவரவியல் பேரை அடியோட விட்டுராதீங்க.