ஒற்றைப்படையில் ஒரு கண், இரட்டைப்படையில் ஒரு கண்

ஆழம் தெரியும்படி, கண்ணுக்கு ஒன்றாக இரு படம் எடுக்கும் பழைய ஸ்டீரியோ கேமராவில் லென்ஸ் இரண்டு, பிலிம் சுருள் ஒன்றுதானே, படத்தின் மேல் படம் விழாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

அடிப்படை தெரிந்ததுதான். நம் இரு கண்களும் ஆறு, ஆறரை செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. இரண்டும் காணும் காட்சியில் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தை உணர்கிறது. ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் இதை விளக்கியபோது கையால் வரைந்த கோட்டுப் படங்களைத்தான் பயன்படுத்தினார். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அடுத்த வருடம்தான்!

சரி, கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1947இல் வெளிவந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவை எடுத்துக்கொள்வோம். 35 மி.மீ. பிலிமில் ஒவ்வொரு படமும், பிலிம் ஓரத்தில் வரிசையாக உள்ள துளைகளில் ஐந்து துளை அகலம். லென்ஸ்களுக்கு நடுவே 70 மி.மீ., ஏறக்குறைய மூன்று படங்களின் தூரம். ஆகவே முதல் கிளிக்கில் 1ஆம் இடத்திலும் 4ஆம் இடத்திலும் படம் விழுகிறது. பிலிம் எப்போதும் இரண்டு இடம்தான் நகரும். அடுத்தது 3, 6. அப்புறம் 5, 8. ஒரு லென்ஸுக்கு எப்போதும் ஒற்றைப்படை எண், மற்றதற்கு இரட்டைப்படை எண். எத்தனை ஜோடி எடுத்தாலும் மோதலே வராது. வீணாவது தொடக்கத்தில் ஓர் இடம், முடிவில் ஓர் இடம், அவ்வளவுதான்.

கழுவிய பிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் பூந்தொட்டி, வெற்றிடம், குழந்தை, மறுபடி பூந்தொட்டி, நாய், மறுபடி குழந்தை என்று பின்னல் போலத் தெரியும். எனக்கு இது ஒரு கவிதை. மூன்று என்ற ஒற்றைப்படை இடைவெளி செய்யும் வேலை இது. கணக்கு வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுத்துக் காட்ட வேண்டிய பொருள். இத்தகைய கருவிகளைப் பழுதுபார்த்து இயங்கும் நிலையில் வைத்திருக்க அறிவியல் அருங்காட்சியகங்களுக்குத் தனி நிதி தர வேண்டும் என்பேன்.

சாதாரண கேமராவின் முன்னால் மாட்டும் அடாப்டருக்கு இந்தப் பின்னல் தேவையில்லை. நான்கு கண்ணாடிகள் இரு கோணக் காட்சிகளையும் ஒரே லென்ஸுக்குள் அனுப்பி, 36 மி.மீ. படத்தை இரு பாதியாகப் பிரித்துவிடும். எளிய வழிதான், ஆனால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒடுங்கிய நெட்டைப் படமே கிடைக்கும்.

ரியலிஸ்ட் பிலிமை வெட்டி அட்டையில் பொருத்தும்போது மட்டும் கவனம் வேண்டும். இடமும் வலமும் மாறிப்போனால் ஆழம் தலைகீழாகிவிடும். முன்னால் இருக்கும் பூந்தொட்டி, சுவருக்கும் பின்னால் போய் நிற்கும்.