பதிப்பு எண் இல்லாத லினக்ஸ்: எங்கே உடைகிறது, ஏன்?

டெபியன் என்ற லினக்ஸ் வகை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே எல்லாப் பொதிகளும் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள்) உறையவைக்கப்படும். அதன்பின் பிழைத்திருத்தங்களும் பாதுகாப்புத் திருத்தங்களும்தான் உள்ளே வரும். தொடர்ந்து புதுப்பிக்கும் ரோலிங் ரிலீஸ் முறையில் இந்த உறைதல் கிடையாது. 2002இல் வெளிவந்த ஆர்ச் லினக்ஸ், அதே காலத்து ஜென்டூ, வாய்டு, ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் ஆகியவை இவ்வகை. ஒரு செயலியின் புதிய பதிப்பு வந்தால் அதைக் கட்டி, சோதித்து, பொதிகளின் இணையக் கிடங்கான களஞ்சியத்தில் வைத்துவிடுவார்கள். நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்புகூட அன்றைய நிலையைக் காட்டும் ஒரு படம்தான். ஐந்தாண்டுக்கு முன் நிறுவிய கணினியையும் நேற்று நிறுவியதையும் இன்று முழுதாகப் புதுப்பித்தால், இரண்டிலும் ஒரே பதிப்புப் பொதிகள் இருக்கும்.

புதிய மென்பொருளில் பிழை அதிகம், அதனால்தான் இக்கணினிகள் உடைகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும். ஆனால் பெரும்பாலான சிக்கல்கள் பொதி மேலாளரின் கை எட்டாத இடங்களில்தான் பிறக்கின்றன: பாதி மட்டும் புதுப்பித்த லைப்ரரிகள் (பல செயலிகள் பகிரும் நிரல் தொகுப்புகள்), நாம் திருத்திய அமைப்புக் கோப்புகள், கணினி தொடங்கும்போது படிக்கும் வட்டுப் பகுதியான பூட் பகிர்வு, நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னல் (லினக்ஸின் மையநிரல்), நாமே கட்டிக்கொண்ட பொதிகள். இவற்றைப் புரிந்துகொண்டால் பராமரிப்பு வாரத்துக்கு ஒரு சிறு வேலையாகச் சுருங்கிவிடும். இங்கே ஆர்ச்சை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் பொதி மேலாளரின் பெயர் பேக்மேன்.

பாதிப் புதுப்பிப்பு என்னும் பொறி

உலாவி, படச்செயலி, அஞ்சல் செயலி என எல்லாமே பல லைப்ரரிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு எண்ணொட்டிய பெயர் உண்டு. செயலியைக் கட்டும்போது அந்தப் பெயர் அதனுள் பதிந்துவிடும். லைப்ரரியை எழுதுபவர்கள் பழைய செயலிகளோடு ஒத்துப்போகாத மாற்றம் செய்தால், எண்ணைக் கூட்டுவார்கள். அப்போது அதைச் சார்ந்த எல்லாப் பொதிகளையும் களஞ்சியத்தில் மறுபடி கட்டி, ஒரே நேரத்தில் வெளியிடுவார்கள்.

2022 நவம்பரில் ஆர்ச், மறைகுறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3ஆம் பதிப்புக்கு மாறியபோது இதுதான் நடந்தது. அதன் பகுதியான லிப்கிரிப்டோவின் 1.1 என்ற எண் 3 ஆனது. முழுதாகப் புதுப்பித்தவர்கள் மாற்றத்தைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லை மட்டும் தனியே ஏற்றினால் நிலைமை வேறு. பேக்மேனே அந்த லைப்ரரியை நம்பித்தான் இயங்குகிறது. ஆகவே கணினியைச் சரிசெய்ய வேண்டிய கருவியே 'லைப்ரரி கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும்.

இந்தப் பொறியில் விழுவது மிக எளிது. பேக்மேனுக்குத் தரும் எஸ்-ஒய்-யு என்ற மூன்றெழுத்தில் ஒய் என்பது களஞ்சியப் பட்டியலைப் புதிதாக இறக்கும், யு என்பது நிறுவிய பொதிகளை எல்லாம் அந்தப் பட்டியலுக்கேற்ப உயர்த்தும். ஒரு செயலியை நிறுவ எஸ்-ஒய் மட்டும் தந்தால், பட்டியல் இன்றையது, கணினி போன வாரத்தது. புதிய செயலி புதிய லைப்ரரியை இழுத்துவரும். அதே லைப்ரரியைப் பயன்படுத்தும் மற்ற இருபது செயலிகள் பழையபடியே நிற்கும். யு இல்லாமல் ஒய் வேண்டாம். புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வேண்டுமானால், 'செக்அப்டேட்ஸ்' என்ற கருவி பட்டியலைத் தனி இடத்தில் இறக்கிப் பார்த்துச் சொல்லும். கணினியின் பட்டியலைத் தொடாது.

டம்பிள்வீட் இதையே வேறு கோணத்தில் அணுகுகிறது. அங்கே முழுக் களஞ்சியமும் தேதியிட்ட ஒரே ஸ்னாப்ஷாட்டாக வெளிவரும். அதற்கு முன் ஓப்பன்கியூஏ என்ற தானியங்கி அமைப்பு அதை மெய்நிகர் கணினிகளில் நிறுவி, சுட்டியைச் சொடுக்கி, திரையில் தெரிவதை எதிர்பார்த்த படங்களோடு ஒப்பிடும். பயனர் 'சிப்பர் டப்' என்ற கட்டளையால் ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு முழுதாகத் தாவுகிறார். முதல்முறை ரோலிங் பக்கம் வருபவருக்கு இது நல்ல வாசல்.

நிறுவும் நாளில் எடுக்கும் முடிவுகள்

நிறுவலின் படிகள் ஒன்றும் பெரிய மர்மமல்ல. ஐஎஸ்ஓவின் கையொப்பத்தைச் சரிபார்த்து யுஎஸ்பியில் எழுதி, யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, வட்டைப் பகிர்ந்து, பேக்ஸ்ட்ராப் கட்டளையால் அடிப்படைப் பொதிகள், கெர்னல், ஃபர்ம்வேர் மூன்றையும் இறக்க வேண்டும். பிறகு பகிர்வுப் பட்டியலை உருவாக்கி, ஆர்ச்-சிரூட் கட்டளை வழியே வட்டில் நிறுவிய அமைப்புக்குள் நுழைந்து நேர மண்டலம், மொழி, கடவுச்சொல், கெர்னலைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் ஆகியவற்றை அமைக்கலாம். 2021 முதல் ஐஎஸ்ஓவிலேயே இருக்கும் 'ஆர்ச்இன்ஸ்டால்' இவற்றைக் கேள்வி பதிலாகச் செய்துவிடும். கையால் செய்பவர்கள் வழக்கமாக மறப்பது நெட்வொர்க்மேனேஜர். யுஎஸ்பியில் இணையம் வேலை செய்தது, மறுதொடக்கத்துக்குப்பின் வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பின் உள்நிரலைத் திருத்தும் மைக்ரோகோடு பொதியையும் அப்போதே சேர்த்துவிடுங்கள்.

பின்னாளைத் தீர்மானிக்கும் முடிவுகள் மூன்று. முதலாவது, பூட் பகிர்வின் அளவு. கெர்னலும் அதன் தொடக்க நினைவகப் படமும் (பூட்டின் முதல் கட்டத்தில் நினைவகத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பு) அங்கேயே இருக்கப்போகின்றன என்றால் 1 ஜிபி ஒதுக்குங்கள். விண்டோஸ் உருவாக்கி வைத்திருக்கும் 100 எம்பி பகிர்வில் இரண்டு கெர்னல்களைத் திணித்தால், ஒரு புதுப்பிப்பின் நடுவே இடம் தீர்ந்து, பாதி எழுதிய படம் மிஞ்சும். அடுத்த பூட்டில் கெர்னல் திணறி நிற்கும்.

இரண்டாவது, நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கெர்னலையும் உடன் நிறுவுவது. முதன்மைக் கெர்னல் 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. வைஃபையோ திரையோ ஒருநாள் முரண்டு பிடித்தால், பூட் பட்டியலில் எல்டிஎஸ்ஸைத் தேர்ந்து வேலையைத் தொடரலாம். கெர்னலின் மூல நிரலுக்கு வெளியே உள்ள இயக்கிகளை, கெர்னல் மாறும்போதெல்லாம் தானே மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் முறையில் கட்டுபவர்கள் இரண்டு கெர்னலுக்கும் உரிய ஹெடர் பொதிகளை வைத்திருக்க வேண்டும். ஹெடர் இல்லாவிட்டால் இயக்கி கட்டப்படாது. அடுத்த பூட்டில் கருந்திரைதான்.

மூன்றாவது, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை. ஒரு கோப்பை மாற்றும்போது இது பழைய தொகுதிகளின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுகிறது. அதனால் அந்நேர நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்க நொடிகூட ஆகாது. மாறிய பகுதிகளுக்கு மட்டுமே இடம் செலவாகும். வீட்டு அடைவுக்கும் பதிவுக் கோப்புகளுக்கும் இறக்கிய பொதிகளுக்கும் தனித்தனித் துணைத்தொகுதி (வேர் அடைவின் ஸ்னாப்ஷாட்டில் சேராத பகுதி) வையுங்கள். ஆனால் 'வார்' அடைவை முழுவதுமாகப் பிரித்துவிடாதீர்கள். பேக்மேன் எந்தப் பொதி நிறுவப்பட்டிருக்கிறது என்று குறித்துவைக்கும் தரவுத்தளம் அதனுள்தான் இருக்கிறது. வேர் அடைவு போன வாரத்துக்குத் திரும்பி, தரவுத்தளம் மட்டும் இன்றைய நிலையில் நின்றால், கணக்கேடு ஒன்றும் கிடங்கு ஒன்றுமாகிவிடும். டம்பிள்வீட்டில் 'வார்' தனியாகத்தான் இருக்கிறது. அங்கே பொதிகளைக் குறித்துவைக்கும் ஆர்பிஎம் தரவுத்தளத்தை 'யுஎஸ்ஆர்' அடைவுக்குள் வைத்திருக்கிறார்கள்.

பூட் பகிர்வுக்கும் இதே கணக்குதான். அது ஃபேட் வடிவில் இருப்பதால் ஸ்னாப்ஷாட்டில் சேராது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது கெர்னல் புதியதாகவும் அதன் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றும் துண்டுகள்) பழையவையாகவும் இருக்கும். திரும்பியபின் கெர்னல் பொதியை மறுபடி நிறுவினால் இரண்டும் பொருந்தும்.

புதுப்பித்த பிறகு

புதுப்பித்த கையோடு பென்டிரைவைச் செருகினால் சில சமயம் கணினி அதைத் திறக்க மறுக்கும். ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல். அதற்குரிய மாட்யூல் அடைவைப் பேக்மேன் நீக்கிவிட்டுப் புதியதை வைத்துவிட்டது. ஃபேட் மாட்யூல் அதுவரை நினைவகத்தில் ஏறியிராவிட்டால், இனி எங்கிருந்தும் ஏற முடியாது. ஒரு மறுதொடக்கம் போதும். இதற்காகச் சாதனத்தைக் குறைசொல்லிக் கழற்றிப் பார்ப்பவர்கள் ஏராளம்.

அமைப்புக் கோப்புகளின் கதை இன்னும் நுட்பமானது. பொதியோடு வந்த மூலக் கோப்பின் எம்டி5 கணக்கை (உள்ளடக்கத்தின் சுருக்க எண்) பேக்மேன் நினைவில் வைத்திருக்கும். புதுப்பிக்கும்போது மூலக்கோப்பு, இப்போது வட்டில் இருப்பது, புதிதாக வருவது ஆகிய மூன்றையும் ஒப்பிடும். நாம் கைவைக்கவில்லை என்றால் புதியதை வைத்துவிடும். நாம் மாற்றியிருந்து, புதியது மூலத்தைப் போலவே இருந்தால், நம்முடையதைத் தொடாது. மூன்றும் வேறுவேறு என்றால் நம் கோப்பை விட்டுவிட்டு, புதியதைப் 'பேக்நியூ' என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வைக்கும். இவற்றைக் கவனிக்காமல் விட்டால், செயலி புதியதாகவும் அமைப்பு பழையதாகவும் இருந்து, ஒருநாள் உள்நுழைவே தடைபடலாம். 'பேக்டிஃப்' கருவியால் வரிவரியாக ஒப்பிட்டு இணையுங்கள். பயனர் பட்டியல், கடவுச்சொல், பகிர்வுப் பட்டியல் ஆகிய கோப்புகளை மட்டும் புதியதால் மாற்றிவிடாதீர்கள். பொதியில் வருவது வெறுமையான மாதிரி. மாற்றினால் உங்கள் கணக்கே காணாமல் போகும்.

பூட்லோடரில் ஒரு விநோதம் உண்டு. கிரப் என்ற பூட்லோடரின் பொதியைப் பேக்மேன் புதுப்பிக்கும். ஆனால் பூட் பகிர்வில் அமர்ந்திருக்கும் கிரப்பின் நகல், நிறுவல் கட்டளையை நாம் மறுபடி தரும்வரை பழையதாகவே இருக்கும். 2022 ஆகஸ்டில் வந்த கிரப், தான் உருவாக்கும் அமைப்புக் கோப்பில் ஒரு கட்டளைக்குப் புதிய விருப்பத்தைச் சேர்த்தது. அமைப்புக் கோப்பை மட்டும் புதிதாக உருவாக்கியவர்களின் பழைய நகலுக்கு அது புரியவில்லை. கணினிகள் லினக்ஸுக்குப் போகாமல் ஃபர்ம்வேர் திரையிலேயே போய் நின்றன. கிரப் புதுப்பிக்கப்பட்டால் நிறுவல், அமைப்பு உருவாக்கம் என இரண்டு கட்டளைகளையும் சேர்த்தே ஓட்ட வேண்டும்.

ஆர்ச்சின் ஏயுஆர் என்பது பயனர்கள் எழுதிய கட்டுமானக் குறிப்புகளின் தொகுப்பு. அதில் கிடைப்பது முடிந்த பொதி அல்ல. லைப்ரரி எண் மாறும்போது களஞ்சியப் பொதிகளை மறுபடி கட்டுவதுபோல, உங்கள் வட்டில் நீங்கள் கட்டியதை யாரும் கட்டித்தர மாட்டார்கள். பைத்தான் 3.12இலிருந்து 3.13க்குப் போனால், ஏயுஆரிலிருந்து கட்டிய பைத்தான் பொதிகள் பழைய எண்ணுள்ள அடைவிலேயே கிடக்கும். மறுபடி கட்டியாக வேண்டும். குறிப்பைப் படிக்காமல் கட்டவும் கூடாது. 2025 ஜூலையில் உலாவிகளின் பெயரைச் சூடிய சில ஏயுஆர் பொதிகளில், கணினியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் தீநிரல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அவை நீக்கப்பட்டன.

அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலும் புதுமைக்கு ஒரு விலை உண்டு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் வெளிப்படுத்திய பின்கதவு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்தது. டம்பிள்வீட், ஆர்ச் இரண்டுமே அவற்றை அதற்குள் வெளியிட்டிருந்தன. அப்போதைய நிலைப்பதிப்பு டெபியனுக்கு அவை போகவே இல்லை. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை ஆர்ச்சில் அந்த லைப்ரரியோடு இணைக்கப்படாததால் அங்கே அந்தத் தாக்குதல் வழி திறக்கவில்லை. திருத்தம் வந்த அன்றே போய்ச் சேர்ந்ததும் இதே ரோலிங் முறையால்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை புதுப்பிப்பது நல்ல இடைவெளி. அதற்குமுன் ஆர்ச்சின் செய்திப் பக்கத்தைப் பாருங்கள். 2025 ஜூனில் ஃபர்ம்வேர் பொதியைப் பல துண்டுகளாகப் பிரித்தபோது, பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவ வேண்டியிருந்தது. செய்தியைப் படித்தவர்களுக்கு அது இரண்டு நிமிட வேலை. மாதக்கணக்கில் தொடாமல் விட்ட கணினியில் கையொப்பப் பிழைகள் வரும். பொதிகளில் ஒப்பமிடும் புதிய பராமரிப்பாளர்களின் சாவிகள் அதனிடம் இருக்காது. முதலில் சாவிக்கொத்துப் பொதியை மட்டும் ஏற்றி, உடனே முழுப் புதுப்பிப்பையும் செய்யுங்கள். யு இல்லாமல் ஒய் வேண்டாம் என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு. இறக்கிய பழைய பொதிகளை 'பேக்கேஷ்' கருவி ஒவ்வொன்றுக்கும் மூன்று பதிப்புகள் விட்டு மற்றதை நீக்கும். முழுதாகத் துடைத்துவிட்டால், சிக்கலான ஒரு பொதியை முந்தைய பதிப்புக்கு இறக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் போனால், நிறுவல் யுஎஸ்பியை எடுங்கள். அதிலிருந்து பூட் செய்து, வேர்ப் பகிர்வையும் பூட் பகிர்வையும் ஏற்றி, ஆர்ச்-சிரூட் வழியே உள்ளே போக வேண்டும். பேக்மேன் பூட்டுக் கோப்பு இருப்பதாகச் சொல்லி மறுத்தால் அதை அழித்துவிட்டு முழுப் புதுப்பிப்பை மறுபடி ஓட்டுங்கள். சில லைப்ரரிகள் பூஜ்ய பைட்டாக எழுதப்பட்டுப் பேக்மேனே ஓட மறுத்தால், சிரூட்டுக்கு வெளியே வந்து, யுஎஸ்பியில் உள்ள பேக்மேனைக் கொண்டே வட்டில் இருக்கும் அமைப்பில் அந்தப் பொதிகளை மறுபடி நிறுவலாம். பூட் பகிர்வை ஏற்ற மறந்தால் கெர்னல் வெற்று அடைவுக்குள் போய் விழும். எல்லாம் சரியாக முடிந்ததுபோலத் தெரிந்தும் கணினி பழைய கெர்னலையே தேடி நிற்கும்.