விதை வங்கியா, விதைக் காப்பகமா?

சூரியகாந்தியின் பழைய ரகங்களைப் போல, விதைகளைச் சேர்த்துக் காக்கும் இடத்தை 'விதை வங்கி' என்பதா, 'விதைக் காப்பகம்' என்பதா? 'விதை வங்கி' என்ற சொல்லில் பாதிதான் தமிழ். 'பேங்க்' நம் வாயில் திரிந்து வங்கி ஆனது. அதற்கும் மூலம், இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் போட்டு உட்கார்ந்த பலகை. பெண்கள் கையில் போடும் வங்கி வேறு சொல். விதை வங்கி என்றால், விதைகளை முளைப்புத்திறன் கெடாமல் சேர்த்து வைத்து, வேண்டும்போது எடுத்து விதைக்கும் இடம் என்பது பொருள்.

எங்கள் வேலூர்ப் பக்கம் இந்தச் சொல் வருமுன்பே காரியம் நடந்தது. ஆயா (பாட்டி) விதை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, தோலோடு தொம்பை என்ற தானியக் குதிரில் போட்டு வைப்பார். உரித்து வைத்தால் முளைப்பு போய்விடும் என்பதால், விதைப்பு நெருங்கும்போதுதான் திண்ணையில் உட்கார்ந்து உடைப்பார். சட்னிக்கு ஒரு கை எடுக்க விடமாட்டார்.

சரி, சூரியகாந்திக்கு வருவோம். பெயர் வடமொழி, அகராதியில் 'பொழுதுவணங்கி' என்று அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது. வெயிலோடு திரும்பும் பூ என்றால் நம் பழம்புலவர்களுக்கு நெருஞ்சிதான்: 'சுடரொடு திரிதரும் நெருஞ்சி' என்கிறது அகநானூறு. சூரியகாந்தி அமெரிக்கச் செடி. எண்ணெய்க்காக இங்கே பயிரானது 1969இல் ரஷ்ய ரகங்கள் வந்த பிறகு. அதனால் இதில் பழைய ரகம் என்றால் இந்த மண்ணில் பிறந்தது என்று அர்த்தமில்லை. எடுத்த விதையையே திரும்ப விதைத்தாலும் குணம் மாறாமல் வருவது. இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கும் வீரிய ஒட்டு அப்படி வராது.

அந்தக் குணத்தைக் காப்பதுதான் பெரும்பாடு. தேனீ பக்கத்து வயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். ஆகவே பூ விரியுமுன் துணிப்பை கட்ட வேண்டும். தேனீ வராமல் போனால் மணி பிடிக்காதே? அப்புறம் நாமே மெல்லிய துணியால் ஒரு பூவை ஒற்றி, அதே ரகத்தின் அடுத்த பூவில் ஒற்ற வேண்டும். பூவின் முதுகு எலுமிச்சை மஞ்சளானதும் அறுத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். டெல்லியிலுள்ள தேசிய மரபணு வங்கியில் விதைகளை -18 டிகிரி குளிரில் வைக்கிறார்கள்.

உழவர் விதையைக் கடனாக வாங்கி, அறுவடைக்குப் பின் கூட்டித் திருப்பித் தரும் இடத்துக்கு 'விதை வங்கி' பொருந்தும். கடனும் உண்டு, வட்டியும் உண்டு. குளிரறையில் வைத்துக் காப்பதற்கு 'விதைக் காப்பகம்' என்பதே சரியான தமிழ். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரை ஜெர்மன் படை சூழ்ந்து 1941இல் தொடங்கிய முற்றுகையில், அங்கிருந்த விதை நிலையத்தின் அறிஞர்கள் சேகரித்த விதையைத் தின்னாமல் பசியில் இறந்தார்கள். மல்லாட்டை விதைகளைப் பார்த்துவந்த அலெக்சாண்டர் ஷ்சுகின் தம் மேசையிலேயே உயிர்விட்டார். அந்த இடத்தை வங்கி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.