உளப்பாடு: ‘இன்க்ளூசிவ்’ என்பதற்கு நம் இலக்கணம் வைத்திருக்கும் சொல்

புதுச்சேரியில் ஆசிரியர் பயிற்சி எங்கே நடந்தாலும் ‘இன்க்ளூசிவ்’ என்ற சொல் காதில் விழாமல் வீடு திரும்ப முடியாது. இன்க்ளூசிவ் எஜுகேஷன், இன்க்ளூசிவ் கிளாஸ்ரூம், இப்போது இன்க்ளூசிவ் ஆர்ட். குறைபாடு உள்ள பிள்ளைகள் உட்பட யாரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்வது என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தச் சொல்லின் பொருள் சரியாகப் பிடிபடாமல் போனால் வகுப்பில் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேர். லத்தீனில் ‘கிளாவுடெரே’ என்றால் மூடுதல், அடைத்தல். முன்னால் ‘இன்’ சேர்ந்து ‘இன்க்ளூடெரே’ ஆனபோது உள்ளே வைத்து அடைப்பது என்று பொருள், பட்டியில் ஆட்டை அடைப்பது போல. கணக்கில் சேர்த்துக்கொள்வது என்ற பொருள் அதிலிருந்து வளர்ந்தது. கல்வித் துறையில் உலக அளவில் இந்தச் சொல் அழுத்தமாக ஒலித்தது 1994-இல், ஸ்பெயினின் சலமாங்கா நகரில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டில். அதற்கு முன்பு ‘இன்டெக்ரேஷன்’ என்பார்கள், தமிழில் ஒருங்கிணைப்பு. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஒருங்கிணைப்பில் வகுப்பு இருந்தபடியே இருக்கும், பிள்ளைதான் வளைந்து கொடுக்க வேண்டும். இன்க்ளூஷனில் வளைய வேண்டியது வகுப்பு. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வரையறையும் இதுதான்: குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து படிக்க வேண்டும், கற்பிக்கும் முறை அவர்கள் தேவைக்கு ஏற்ப மாற வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உள்ளடக்கிய கல்வி’ என்பது பரவலாகிவிட்டது. படிவத்தில் எழுத அது போதும். ஆனால் அடக்கு என்ற வினையை மனிதர்மேல் வைத்தால் அதன் வாடை வேறு. வகுப்பை அடக்கு, வாயை அடக்கு என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். லத்தீன் வேரில் இருந்த பட்டி வாசம் இதிலும் அப்படியே வந்துவிட்டது. ‘உள்வாங்கும்’ என்று சொல்லிப் பார்க்கலாம்; ஆனால் நம் கரையில் உள்வாங்குவது கடல். சுனாமிக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிறவர்கள் இங்கே உண்டு. ‘உட்படுத்து’ என்றால் விசாரணையும் சோதனையும் நினைவுக்கு வரும்.

இவ்வளவு தேட வேண்டியதே இல்லை. நம் இலக்கணத்தில் ‘உளப்பாட்டுத் தன்மைப் பன்மை’ என்று ஒன்று இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்; அவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். அதனால்தான் மொழியியலார் நம் ‘நாம்’ என்பதை ‘இன்க்ளூசிவ் வீ’ என்று விளக்குகிறார்கள். ‘உளப்பட’ என்பதும் தொல்காப்பிய நூற்பாக்களில் திரும்பத் திரும்ப வரும் சொல்; இதையும் சேர்த்து என்று பொருள். அன்றாடம் ‘நான் உட்பட ஐந்து பேர்’ என்கிறோமே, அதன் உறவுதான். ஆகவே என் பரிந்துரை உளப்பாடு. உளப்பாட்டுக் கல்வி, உளப்பாட்டுக் கலை வகுப்பு. முதலில் நாக்கு கொஞ்சம் தடுக்கும், பழகினால் சரியாகிவிடும்.

வகுப்பில் இதற்கு என்ன பொருள்? நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் பார்வை மிகக் குறைவான ஒரு மாணவி இருந்தாள், மீனவர் வீட்டுப் பெண். டிராயிங் பீரியடில் தாள் எடுத்துக் கொடுப்பதும் தண்ணீர் மாற்றி வைப்பதும் அவள் வேலை. வருகைப் பதிவேட்டில் அவளும் உண்டு. ஆனால் மற்றவர்கள் “நாங்க வரையறோம்” என்றார்கள். அந்த ‘நாங்க’வுக்கு வெளியே நின்றாள் அவள்.

மாற்றியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கோட்டின்மேல் வெள்ளைப் பசையைப் பிழிந்து ஒரு ராத்திரி காயவிட்டால் கோடு மேடாகும், விரலால் படிக்கலாம். தூரிகைப் பிடியில் துணி சுற்றினால் விரல் இறுக்கமாக இருக்கும் பிள்ளைக்கும் பிடி கிடைக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பையன்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அவர்களுக்கு டியூபில் நிறத்தின் பெயர் எழுதி ஒட்டினால் போதும். இதையெல்லாம் எல்லோருக்கும் செய்ய வேண்டும், ஒருவருக்கு மட்டும் செய்தால் மறுபடியும் ‘நாங்கள்’தான். சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி பார்வை போன பிறகும் காகிதம் வெட்டி ஒட்டிப் படைத்துக்கொண்டே இருந்தார். பார்வை இல்லாவிட்டால் கலை இல்லை என்ற முடிவுக்கு நாம்தான் அவசரப்பட்டு வருகிறோம்.

அப்புறம் மண். சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர் பக்கத்தில்தானே இருக்கிறது. ஒரு கூடை களிமண் வாங்கிவந்து, ஆளுக்கு ஒரு மீன் செய்யுங்கள் என்றேன். அவள் கொடுவா செய்தாள். பேனா மூடியைச் சாய்த்து அழுத்தி, வாலிலிருந்து தலைவரை வரிசை வரிசையாகச் செதில். பக்கத்துப் பையன் அதைப் பார்த்து மூடியை இரவல் வாங்கித் தன் மீனிலும் குத்த ஆரம்பித்தான். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், மீசை தட்டுப்பட்டது.

“டேய், இது கெளுத்திடா. கெளுத்திக்கு ஏது செதிலு? வா, நாம வழிச்சு எடுத்துடலாம்.”