பந்து கையில் இருக்கும்போதே

ஹேண்ட்பால் கோல்கீப்பருக்குக் கையுறை கிடையாது. ஹெல்மெட் இல்லை, காலில் பேடும் இல்லை. முழுக்கை ஜெர்சி, தொளதொளவென்று ஒரு டிராக் பேண்ட், உள்ளே அடிவயிற்றுக் கவசம், அவ்வளவுதான். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அவரை நோக்கி வரும். அவர் ஒதுங்கக் கூடாது, குறுக்கே பாய வேண்டும். (கைப்பந்து என்றால் நம்மூரில் வாலிபால் என்றாகிவிட்டது. அதனால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். அணிக்கு ஏழு பேர், கையால் எறிந்து கோல் போட வேண்டும்.)

இந்த வேலையை வருடக்கணக்காகச் செய்தவர் அல்ஃப்ரெடோ கின்டானா. 1988இல் ஹவானாவில் பிறந்தவர். 2010-11 பருவத்தில் போர்ச்சுகலின் எஃப்.சி. போர்ட்டோ கிளப்புக்கு வந்தார், பிறகு அந்நாட்டுத் தேசிய அணிக்கே கீப்பரானார். உயரம் இரண்டு மீட்டர். உயரம் உதவும்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எதிரணி வீரர் 9 மீட்டர் தூரத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறார் என்று வையுங்கள். பந்து கோலுக்கு வந்து சேர 0.32 நொடி ஆகும். கண்ணால் பார்த்ததை மூளை உணர்ந்து தசைக்குச் செய்தி அனுப்பவே சுமார் 0.2 நொடி போய்விடும். மிச்சம் 0.12 நொடி. அதற்குள் காலை மூலைக்கு நீட்டிவிட முடியாது. பந்து கையைவிட்டுக் கிளம்பிய பிறகு அசையத் தொடங்குகிற கீப்பருக்கு வலை அதிரும் சத்தம்தான் மிச்சம்.

அப்படியானால் எப்படித்தான் தடுக்கிறார்கள்? பந்து கையில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறார்கள்.

எறிவது கையின் வேலை மட்டுமில்லை. ஊன்றிய காலில் தொடங்கி இடுப்பு திரும்பும், பிறகு மார்பு, தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடியில் தொடங்கிய அசைவு நுனியில் சீறுவதைப் போல, கனமான உறுப்பிலிருந்து லேசான உறுப்புக்கு வேகம் ஏறிக்கொண்டே போகிறது. இதில் கீப்பருக்கு ஒரு லாபம் உண்டு. இடுப்பும் தோளும் முன்கூட்டியே திரும்பிவிடுவதால், பந்து போகக்கூடிய பக்கத்தை அவை காட்டிக்கொடுத்துவிடும். எறியும் கணத்துக்கு முன் வீடியோவை நிறுத்தி ‘பந்து எங்கே போகும்?’ என்று கேட்டால், அனுபவமுள்ள கீப்பர்கள் புதியவர்களைவிட நன்றாகச் சொல்வது இதனால்தான். ஆனால் மணிக்கட்டு கடைசி வரை பொய் சொல்லும். பெரிய எறிவீரர்களின் பிழைப்பே அந்தப் பொய்யில்தான் ஓடுகிறது.

அப்புறம் வடிவியல். கோலின் அகலம் 3 மீட்டர். நேரே 6 மீட்டரில் எறிபவர் நிற்க, கீப்பர் கோல் கோட்டிலேயே நின்றால் 3 மீட்டரையும் காக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் முன்னே வந்தால் 2.25 மீட்டரைக் காத்தால் போதும். கை கால்களை விரித்துத் துள்ளும் இரண்டு மீட்டர் ஆளுக்கு அது கிட்டத்தட்ட சுவர்தான். ஆனால் முன்னே வரவர நேரம் சுருங்கும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு 0.24 நொடி இருந்தது, இப்போது 0.18 நொடிதான். முன்னே வந்த கீப்பரின் தலைக்கு மேல் பந்தை மெல்லத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரிக்கும் ஆட்களும் உண்டு. பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

கீப்பரும் சும்மா இருப்பதில்லை. ஒரு பக்கம் வேண்டுமென்றே இடம் விட்டு நிற்பார். எறிபவர் அந்த இடத்தைக் குறிவைக்கும்போது அங்கே ஏற்கெனவே ஒரு கால் வந்திருக்கும். தூர எறிகளுக்குத் தடுப்பு வீரர்களோடு ஒப்பந்தமும் உண்டு. ஒரு பக்கத்தை அவர்கள் கை தூக்கி அடைப்பார்கள், மறுபக்கம் கீப்பர் பொறுப்பு. இவ்வளவு செய்தும் வருகிற மூன்றில் ஒன்றைத் தடுத்தால் நல்ல நாள். கால்பந்து கீப்பருக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் வேலையை விட்டுவிடுவார்.

கின்டானா இருந்த போர்ச்சுகல் அணி 2020 ஜனவரியில் ஐரோப்பியக் கோப்பையில் பிரான்ஸை 28-25 என்றும், சுவீடனை அதன் சொந்த மண்ணிலேயே 35-25 என்றும் வென்று ஆறாம் இடம் பிடித்தது. எதிரணியை 25 கோலில் நிறுத்துவது இந்த ஆட்டத்தில் சாதாரணமில்லை.

2021 பிப்ரவரி 22 அன்று போர்ட்டோவில் பயிற்சியின்போது கின்டானாவின் இதயத் துடிப்பு திடீரென்று நின்றுவிட்டது. நான்கு நாள் கழித்து இறந்தார். வயது 32. மூன்று வாரம்கூட ஆகவில்லை, போர்ச்சுகல் மோன்பெலியே நகரில் பிரான்ஸை மறுபடி சந்தித்தது. கடைசி நொடிகளில் ரூய் சில்வா எறிந்த பந்து வலைக்குள் போக, 29-28. ஒலிம்பிக் ஹேண்ட்பாலுக்குப் போர்ச்சுகல் தகுதி பெற்றது அதுதான் முதல் முறை.